ஏழு பத்துக்கு ஒரு வண்டி

திருப்பூரில் ‘மணி என்னங்க?’ என்று யாராவது கேட்டால், ஷிப்டு முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு ராத்திரி எட்டுக்கு முடியும். ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை.

இந்த ஊருக்கு மேலே ஒரு வண்டி போய்க்கொண்டிருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 28 ஆயிரம் கிலோமீட்டர் வேகம். ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று. 2000 நவம்பரிலிருந்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. 2025 ஜூனில் நம்ம சுபான்ஷு சுக்லா போய்ச் சேர்ந்தாரே, அதேதான். பைனாகுலர் வேண்டாம், வெறும் கண் போதும். எப்போது வரும் என்று மட்டும் தெரிய வேண்டும்.

நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’, அப்புறம் ‘ஹெவன்ஸ் அபவ்’. எதில் வேண்டுமானாலும் ஊர்ப் பெயரைக் கொடுங்கள், பட்டியல் வரும். பி.காம். படித்தவனுக்குப் பட்டியலைப் பார்த்தாலே ஒரு சந்தோஷம். ஆனால் எல்லா வரியும் வரவு ஆகாது. முதலில் உயரக் கோணம். தொடுவானம் 0, உச்சந்தலைக்கு நேர் மேலே 90 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. 40-க்குக் கீழே உள்ளதை நான் அடித்துவிடுவேன். பக்கத்து மாடியோ புகைபோக்கியோ மறைத்துவிடும். அடுத்தது பிரகாசம். மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு என்றிருந்தால் ஜோர். மைனஸ் போட்டால் லாபம் என்கிற கணக்கை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை! பட்டியலை ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று உரசி இறக்குகிறது, இவர்கள் அவ்வப்போது மேலே தூக்கி விடுகிறார்கள். தீபாவளிக்கு எத்தனை மணி என்று இப்போதே கேட்டால் பதில் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில். நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அவ்வளவு உயரத்தில் அதன் மேல் வெயில் பட வேண்டும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம், விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். நடுராத்திரியில் அதுவும் பூமியின் நிழலுக்குள். திருப்பூருக்கு இது ஏழு மணி சமாச்சாரம். அதாவது, ஊரே மெஷினுக்கு முன்னால் குனிந்திருக்கும் நேரம்.

மேலே இருப்பவர்களுக்குக் கிரீன்விச் கடிகாரம். இங்கே ஏழு என்றால் அங்கே பகல் ஒன்றரை, அவர்களும் டியூட்டியில்தான் இருப்பார்கள். ஐரோப்பிய பையரின் மெயிலுக்காகக் காத்திருக்கும் நம்ம மெர்ச்சண்டைசர்களுக்கும் கிட்டத்தட்ட அதே கடிகாரம்.

எதிர்வீட்டு அக்கா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். போன வாரம் ஒரு நாள் 7.10-க்கு நல்லது ஒன்று இருக்கிறது, 68 டிகிரி என்றேன்.

“எட்டு மணிக்கு மேல வர்றாப்புல ஒண்ணு இல்லீங்களா தம்பி?”

நிழல் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சின்னப் புள்ளைல ஸ்கைலாப் விழுகுதுன்னாங்க. ஊர்ல இருந்த கோழியெல்லாம் அடிச்சுக் கொழம்பு வெச்சுத் தின்னுபோட்டாங்க. இதும் விழுகுங்களா?”

1979 ஜூலையில் ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. இதை அப்படி விடமாட்டார்கள், இன்னும் சில வருஷத்தில் ஆளில்லாத கடலில் இறக்கத் திட்டம் என்றேன்.

“அப்ப அதுக்குள்ள பாத்துப்போடோணும். வெடியால எப்பங்க?”

“அஞ்சு இருபதுக்கு ஒண்ணு வருதுக்கா. நாலஞ்சு நிமிஷம்தான். மாடிக்கு வந்தாப் போதும்.”

“அந்நேரம் சோறு அடுப்புல இருக்கும். நாலு நிமிஷத்துல கொழஞ்சு போயிருமுங்க.” கொஞ்சம் யோசித்தார். “ஞாயித்துக்கெழமை வர்றதை மட்டும் எழுதிக் குடுங்க.”

தேடினேன். பட்டியலில் ஞாயிறு ஒன்றே ஒன்றுதான். விடியற்காலை 5.22, தென்மேற்கில் ஏறி வடகிழக்கில் இறங்குகிறது, 71 டிகிரி. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு ஷிப்மென்ட் இல்லாம இருக்கோணும்” என்றார்.