ஒன்றேமுக்கால் லட்சத்தில் ஓர் ஆலயம்

தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ், பசியோடு உள்ளே நுழைபவருக்கு ஒரு சிவப்புக் கோபுரம். கொத்து வேலை தெரிந்தவர் அதைப் பார்க்கும் விதமே வேறு. அவர் முதலில் தரையைப் பார்ப்பார். கீழிருந்து உச்சிவரை சுழன்று ஏறும் ஒரே சரிவு. ரசமட்டத்தை எங்கே வைப்பது? அடுத்து சுவர். வட்டச் சுவரில் ஒவ்வொரு வரிசைக்கும் நடுமையத்திலிருந்து கயிறு பிடித்து ஆரம் பார்த்தாக வேண்டும். செங்கல் நேரானது. அதை வளைவில் அடுக்கினால் உள்முகம் நெருங்கும், வெளிமுகம் விரியும். அந்த வித்தியாசத்தைக் கலவையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பூச்சு கிடையாது என்பதால் கை தவறினால் தெருவுக்கே தெரியும்.

இதை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர், 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்றவர், 2007-இல் திருவனந்தபுரத்திலேயே கண்மூடியவர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காபிக் கடையிலும், உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்திலும் நின்றுவிடுகிறார்கள். இதே நகரத்தில் ஸ்ரீகாரியத்தில், இயேசு சபையாரின் லயோலா வளாகத்தில், அவர் கட்டிய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. தொழில் தெரிந்த கை இறைப்பணிக்குள் எப்படி நுழைகிறது என்பதை அறிய விரும்புகிறவர் அங்கேதான் போக வேண்டும்.

பேக்கர் கத்தோலிக்கர் அல்லர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். குவேக்கர்களின் வழிபாட்டில் பலிபீடம் கிடையாது, திருப்பலி கிடையாது, பெரும்பாலும் பாட்டும் கிடையாது. கூடி அமைதியாக அமர்ந்திருப்பதே அவர்கள் ஜெபம். கட்டடக்கலை படித்துவிட்டு, போர்க்காலத்தில் சீனாவில் மருத்துவ உதவிப் படையில் பணியாற்றியவர் அவர். அங்கிருந்து திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை நினைவுகூர்ந்தார். போருக்குப் பின் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, 1948-இல் மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இமயத்தில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் கையாளும் விதத்தைப் பார்த்தபோதுதான், பர்மிங்காமில் கற்றது எவ்வளவு குறைவு என்று அவருக்குப் புரிந்தது. 1970-ஐ ஒட்டி அந்தக் குடும்பம் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது.

வந்தவரை வேலைக்கு அழைத்தவர்களில் முக்கியமானவர் மலங்கரை கத்தோலிக்கப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ். அவர் கேட்டது ஏழைகளுக்குச் சிறு வீடுகள். அன்றைய நிலவரத்தில் ஒரு பொறியாளர் அலுவலகம் சிரித்து அனுப்பிவிடும் தொகைக்குள் அவை முடிய வேண்டும். பேக்கர் மறுக்கவில்லை.

இந்த அழைப்புக்குப் பின்னால் ஒரு காலச்சூழல் உண்டு. 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி குறித்து ஓர் ஆணை ஏட்டை வெளியிட்டது. தூய ஆவியிடமிருந்து பெற்ற கொடை எவ்வளவு எளியதாக இருந்தாலும், அதைத் திருச்சபைக்குள்ளும் உலகிலும் மக்கள் நலனுக்காகப் பயன்படுத்த ஒவ்வொரு விசுவாசிக்கும் உரிமையும் கடமையும் உண்டு என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிற சபையினரிடம் உள்ள நற்கொடைகளைக் கத்தோலிக்கர் மகிழ்ச்சியோடு ஏற்க வேண்டும் என்றது. ஏட்டில் எழுதுவது எளிது. இயேசு சபையார் தங்கள் பலிபீடத்தைக் கட்டும் பொறுப்பை ஒரு குவேக்கரிடம் ஒப்படைத்தது, அந்த மை காய்ந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள்.

ஆனால் கையில் இருந்த பணமோ மிகக் குறைவு. 1970-71-இல் நன்கொடையாக வந்திருந்த 1.75 லட்சம் ரூபாய்க்குள் சிற்றாலயம், அரங்கம், இருக்கை, விளக்கு எல்லாம் முடிய வேண்டும். ஆயிரம் பேர் அமர வேண்டும். நடுவில் தூண் நின்றால் பீடம் மறையும். இரும்பும் கான்கிரீட்டும் சேர்த்துக் கட்டினால் பணம் கூரைவரை எட்டாது.

இங்கேதான் தொழில் பேசத் தொடங்குகிறது. உயரமான ஒற்றைச் சுவர் தானாக நிற்காது. காற்றுக்கும் கூரையின் உதைப்புக்கும் வெளிப்பக்கம் சாயும். அதைத் தடுக்கக் கனம் கூட்டினால் செங்கல் செலவு ஏறும். பேக்கர் சுவரை இரண்டாகப் பிரித்தார். நடுவே அகலமான வெற்றிடம் விட்டு இரண்டு மெல்லிய சுவர்களை எழுப்பி, குறுக்குச் செங்கற்களால் ஒன்றோடொன்று பிணைத்தார். மெல்லிய சுவர் தனியாக நின்றால் வளையும். இரண்டு சுவர்களை எட்ட நிறுத்திப் பிணைத்தால் நிற்கும். பிணைப்புக்கிடையே செங்கல் வராத இடங்கள் துளைகளாயின. தரையிலிருந்து கூரைவரை நீண்ட பக்கச் சுவர்கள் இரண்டும் ஜாலி எனப்படும் துளை வேலை. சன்னல் சட்டம், கண்ணாடி, கொக்கி எதற்கும் காசு போகவில்லை. வெளிச்சமும் காற்றும் துளை வழியே வந்தன. பீடத்தின் பின்சுவரைப் படிப்படியாக மடித்து ஆப்பு வடிவில் எழுப்பியதால், உயர்ந்த கூரையை அதுவே தாங்கியது. மரச்சட்டத்தின் மேல் கல்நார்த் தகடு வேய்ந்தார். இன்று யாரும் பின்பற்றக் கூடாத ஒன்று அந்தக் கட்டடத்தில் இருக்கிறதென்றால் அந்தத் தகடுதான்.

ஜாலிச் சுவரைச் சுலபம் என்று நினைப்பவர் கட்டிப் பார்த்தவர் அல்லர். மேலே உள்ள எடை ஓட்டையைத் தவிர்த்துச் செங்கல்மேல் செங்கலாக இறங்கி வர வேண்டும். ஒரு வரிசையில் அரை விரல்கடை நகர்ந்தாலும் பத்து வரிசைக்கு மேலே கோணல் கண்ணை உறுத்தும். நாட்டுச் செங்கல் சூளையில் வெந்து ஒன்றுக்கொன்று அளவு மாறித்தான் வரும். ஆகவே நூலுக்கு ஒரு முகத்தை மட்டும் நேர் பார்த்து, மறுமுகத்தை அதன் போக்கில் விட வேண்டும். கையாள் எடுத்துத் தரும் கல்லை ஒன்றோடொன்று தட்டி, கணீரென்று கேட்டால்தான் வைக்க வேண்டும். பூச்சுக்கு அடியில் ஒளித்துவைக்க வழியில்லாத வேலை இது. அதனாலேயே ஒரு நல்ல கொத்தனாருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. பேக்கர் வேலை நடக்கும் இடத்திலேயே நின்று வரைந்தார், மாற்றினார், கொத்தனாரைக் கேட்டார்.

ஆலயம் முடிந்ததும் ஒலி நன்றாக அமைந்தது. வழுவழுப்பான இரு நெடுஞ்சுவர்கள் எதிரெதிரே நின்றிருந்தால் குரல் மாறி மாறி மோதி எதிரொலித்திருக்கும். துளைச்சுவரோ ஒலியைச் சிதறடித்து, மிச்சத்தை வெளியே விட்டுவிடுகிறது. ஒலிபெருக்கி இல்லாமலே பாடகர் குழுவின் குரல் தெளிவாகக் கேட்கிறது. அமைதியாக அமர்ந்து ஜெபிக்கும் மரபைச் சேர்ந்தவர், பாடித் தொழும் மக்களுக்காக அமைத்த கூடம் அது. தனக்குத் தேவையில்லாத ஒன்றைப் பிறருக்காக இவ்வளவு கவனமாகச் செய்ய முடியும் என்பதுதான் பணி என்ற சொல்லுக்கு உள்ள பொருள் என்று தோன்றுகிறது.

தாலந்து உவமையை மறையுரைகளில் கேட்கும்போது, திறமையைப் புதைக்காதே என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். கலைஞனுக்கு அது பாதி உண்மை. திறமையை வெளியே கொண்டுவருகிறவர்கள் ஏராளம். அதைப் பிறர் அளவுக்குக் குறுக்கிக்கொள்ளச் சம்மதிப்பவர் குறைவு.

1974-75-இல் பூந்துறை மீனவருக்குப் பேக்கர் கட்டிய வீடுகளிலும் இதே மனப்பாங்கைக் காணலாம். அங்கே அளவு வைத்தது கடல். புயற்காற்று மோதித் தூக்கிவிடாதபடி கூரையைத் தாழ்த்திச் சரித்தார். சுவரில் துளைவிட்டுக் காற்றை உள்ளே வாங்கி வெளியே அனுப்பினார். வீடுகளை நேர்வரிசையில் நிறுத்தாமல் முன்பின்னாக நகர்த்தியதால், பின்வீட்டுக்கும் கடற்காற்று கிடைத்தது, வலை உலர்த்த இடமும் பிறந்தது. வரைபடத்தில் நேர்கோட்டுத் தெரு அழகாகத்தான் இருக்கும். வலை காயவைக்கிறவரைக் கேட்டால் அந்த அழகு நிற்காது.

தெற்கே கோட்டாறு மறைமாவட்டத்தின் முட்டத்திலும் இதற்கு உறவுள்ள ஒரு கதை உண்டு. கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்தபோது, கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகுப் பணியில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் கண்ணாடி இழையும் பிசினும் இடும் முறை. கயிற்றால் பலகை தைத்த வள்ளங்களைத் தலைமுறைகளாக ஓட்டிய கரைக்கு, தையல் புதிதல்ல. அலை உடையும் இடத்தில் அதை எப்படி இறக்குவது, எங்கே கனம் கூடாது என்பதை மீனவர் சொல்லச் சொல்லத்தான் வடிவம் திருந்தியது. 1985-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே சிறியது கடினம் என்கிறது.

இன்று குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலுள்ள பங்குகளில் புதுக் கோவில் எழும்போது, பங்குப் பேரவையும் நிதிக்குழுவும் முதலில் கோபுர உயரத்தைப் பேசுகின்றன. படம் வந்து, ஒப்பந்தம் முடிந்து, அதன் பிறகுதான் ஊர்க் கொத்தனாருக்கு ஆள் போகிறது. அதே பங்கில் சூளை தெரிந்தவர், தச்சு தெரிந்தவர், கரை மண்ணின் குணம் தெரிந்தவர் இருப்பார்கள். அவர்களிடம் கேட்கப்படுவது நன்கொடை மட்டும்தான். இது பெரிய இழப்பு. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே குழி விடும் எலிப்பொறிக் கட்டில், அதே ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கல் மிச்சம். வெயிலும் உள்ளே இறங்காது. கழித்துப் போட்ட மங்களூர் ஓட்டைக் கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் பதித்தால் சிமெண்ட் குறையும். இவற்றைக் கற்பிக்க விளப்பில்சாலையில் பேக்கர் பெயரிலேயே ஒரு மையம் இருக்கிறது. கூட்டத்தில் மதிப்பீடு போடும் முன்பே பங்கின் கொத்தனார் ஒருவரை மேஜைக்கு அழைத்து, கையில் இருக்கும் தொகையைச் சொல்லி, இதற்குள் என்ன முடியும் என்று கேட்கலாம். மார் கிரிகோரியோஸும் அப்படித்தான் கேட்டார்.