ஒரே ஈர்க்கில் இரண்டு பூஞ்சைகள்

இங்கிலாந்தின் ஆஷ் மரத்தோப்புகளில் ஜூலை மாதம் நடக்கும்போது என் கண் தரையில்தான் இருக்கும். ஆஷ் இலை வேப்பிலை மாதிரி. நடுவே ஈர்க்கு, இருபுறமும் சிற்றிலைகள். சிற்றிலைகள் மக்கிய பிறகும் ஈர்க்கு மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கும். அதன்மேல் சில மில்லிமீட்டரே அகலமுள்ள வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றும் மெல்லிய காம்பின் மேல். உருப்பெருக்கியில் பார்த்தால் அவ்வளவு அழகு. ஐரோப்பாவின் ஆஷ் மரங்களைக் கொல்லும் ஹைமெனோசைஃபஸ் ஃப்ராக்ஸினியஸ் இதுதான்.

இதே ஈர்க்கில், இதே வெள்ளைக் கிண்ணத்தோடு, முன்பே அங்கு வாழ்ந்துவந்தது ஹைமெனோசைஃபஸ் ஆல்பிடஸ். மரத்துக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. உதிர்ந்த ஈர்க்கை மக்கவைத்து மண்ணில் சேர்ப்பது அதன் பிழைப்பு.

1990களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்கள் நுனிக்கிளையிலிருந்து பட்டுப்போகத் தொடங்கின. 2012இல் பிரிட்டனிலும் நோய் தென்பட்டது. இடையே 2009இல், நோய்ப் பூஞ்சையின் கிண்ணங்களைக் கண்ட ஆய்வாளர்கள் அதை ஆல்பிடஸ் என்றே எண்ணினார்கள். சாதுவாக இருந்தது எப்படிக் கொலைகாரனாயிற்று என்ற குழப்பம், மரபணுவை ஒப்பிட்டபோதுதான் தீர்ந்தது. இது கிழக்காசியாவிலிருந்து வந்த வேறு இனம். அங்கே மஞ்சூரிய ஆஷ் மரத்தில் பெரிய சேதம் செய்யாமல் வாழ்கிறது. நுண்ணோக்கியில் வித்துப்பைகளின் அடியைப் பார்த்தால் இதற்குக் கொக்கிபோன்ற ஒரு வளைவு உண்டு, ஆல்பிடஸுக்குக் கிடையாது. கண்ணால் பிரித்தறிய வேறு நல்ல வழியில்லை.

ஆனால் ஐரோப்பிய ஆஷ் மரத்தில் இரண்டின் நடத்தையும் அடியோடு வேறு. ஃப்ராக்ஸினியஸின் வித்து காற்றில் வந்து பச்சை இலையிலேயே இறங்குகிறது. ஈர்க்கு வழியாகக் கிளைக்குள் புகுந்து நீரோட்டத்தை அடைக்கிறது.

கிரிக்கெட் ஸ்டம்பும் அயர்லாந்தின் ஹர்லி மட்டையும் ஆஷ் மரத்தில் செய்யப்படுபவை. அதனால் மரத்துக்காக வருந்த ஆள் உண்டு. எனக்கு ஆல்பிடஸை நினைத்தாலும் மனம் கனக்கிறது. டென்மார்க்கில் அது முன்பு இருந்த இடங்களில் தேடியவர்களுக்குப் புதியது மட்டுமே கிடைத்தது. நிற்க நிழல் தரும் மரம் போனால் ஊரே பார்க்கும். சருகுக்கடியில் ஓர் உயிரினம் இடம் இழப்பதைப் பார்க்க எத்தனை பேர்?

நோயைத் தாங்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்து இப்போது நாற்று வளர்க்கிறார்கள். அந்த முயற்சி வெல்ல வேண்டும் என்றுதான் மனதார விரும்புகிறேன். அந்த மரங்களும் ஆண்டுதோறும் இலை உதிர்க்கும். அவற்றின் ஈர்க்குகளிலும் ஃப்ராக்ஸினியஸ்தான் கிண்ணம் விரிக்கிறது.