ஒன்றுக்கு இரண்டு

கதை எழுதியே காலம் தள்ளும் யோகம் எனக்கு வாய்க்கவில்லை. ஆகையால் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் உத்தியோகமும் பார்த்து வருகிறேன். கல்லூரியிலுள்ள அத்தனை இயந்திரங்களையும் என் மேஜையிலிருந்தே கவனித்துக்கொள்ள ஒரு நிர்வாக மென்பொருள் உண்டு. இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பதிவு. பெயர் என்ன, எந்த அறையில் இருக்கிறது, கடைசியாக என்றைக்கு ஆஜர் கொடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

சென்ற ஆண்டு ஸ்டாக் சரிபார்க்க வந்த ஆடிட்டர், "மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்?" என்று கேட்டார். மென்பொருளைப் பார்த்து, "412" என்றேன்.

"ரசீதுப்படி 287தானே வாங்கியிருக்கிறீர்கள்? பாக்கி 125 எங்கிருந்து வந்தன? குட்டி போட்டனவா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் நடந்தது ஏறக்குறைய அதுதான். ஓர் இயந்திரம் மந்தமாகிவிட்டால் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவோம். பழைய பெயர் யாருக்கும் ஞாபகமிராது. புதுப் பெயர் ஒன்றைச் சூட்டிவிடுவோம். மென்பொருள், யாரோ புது ஆசாமி வந்திருப்பதாக எண்ணி இன்னொரு பதிவைத் திறந்துவிடும். பழைய பதிவு ஆஜர் கொடுக்க ஆளின்றி அப்படியே கிடக்கும்.

நெட்வொர்க் கார்டில் 12 எழுத்துக்கொண்ட முகவரி ஒன்று இருக்கிறதே, அதை வைத்து அடையாளம் காணக்கூடாதா என்று விஷயம் தெரிந்த நேயர்கள் கேட்கலாம். மெலிந்த மடிக்கணினிகளில் கேபிள் செருகத் துவாரமே கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு சிறு அடாப்டரைச் செருக வேண்டும். முகவரி அந்த அடாப்டருக்குச் சொந்தமானது. அது அறை அறையாகக் கைமாறினால் ஐந்து மடிக்கணினிகள் ஒரே ஆசாமியாகத் தோன்றும். சரி, சீரியல் நம்பர்? சில மதர்போர்டுகளில் அந்த இடத்தில், 'உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஒன்றே இருக்கும். மாப்பிள்ளை பெயருக்குரிய இடத்தில் 'பெயரை இங்கே எழுதவும்' என்று அச்சாகி வந்த கல்யாணப் பத்திரிகை மாதிரி!

ஆடிட்டர் போன பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 90 நாட்களாக ஆஜராகாத பதிவுகளையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரே மாலையில் அழித்துப் போகிப் பண்டிகை கொண்டாடினேன். எண்ணிக்கை 287க்கு வந்து நின்றது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து, உதவித்தொகைப் பிரிவிலிருந்த கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிப்போயிற்று. புதியது போட்டு இயக்கியதும் திரையில், 48 இலக்கச் சாவி எண்ணைக் கொடு என்று கேட்டது. திருடன் கொண்டுபோனாலும் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தோம். மதர்போர்டு மாறியதும் என்னையே திருடன் என்று சந்தேகித்துவிட்டது. அந்தச் சாவி, இயந்திரத்தின் பதிவோடு சேர்ந்தே இருக்கும். தைரியமாகப் போய்ப் பார்த்தேன். பதிவு இருந்தது, சாவி இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அந்த இயந்திரத்துக்கு விண்டோஸைப் புதிதாக ஏற்றவில்லை. வலையிலிருந்து விலக்கி, பெயரை மாற்றி, மறுபடி சேர்த்திருந்தோம். பூட்டியது பழைய பெயரில். ஆகவே சாவியும் பழைய பதிவிலேயே தங்கிவிட்டது. அதைத்தான் நான் போகியில் போட்டுக் கொளுத்தியிருந்தேன். அழித்ததை மீட்கும் வசதி ஒன்று உண்டு. ஆனால் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

டிஸ்க்குக்குள் 63 பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்கள். இரண்டு நாளில் கெடு. அந்தப் பணம் வராவிட்டால் அவர்களில் சிலர் படிப்பையே நிறுத்திவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பிரிவின் சூப்பரிண்டெண்டென்ட் அம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பீரோவைத் திறந்து பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார்.

"பூட்டின அன்னிக்கு, இந்த நம்பரைப் பத்திரமா வச்சுக்கோன்னு அதுவே சொல்லித்தே, தம்பி. எழுதி வச்சேன்."

கடைசிப் பக்கத்தில் எட்டு வரிசைகள், வரிசைக்கு ஆறு இலக்கம். தட்டினேன். ஐந்தாவது வரிசையை ஏற்கவில்லை. அந்த வரிசைகள் ஒவ்வொன்றும் 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பது விதி. ஐந்தாவது வகுபடவில்லை. அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அது ஒண்ணு இல்லே, தம்பி. ஏழு. என் ஏழு அப்படித்தான் இருக்கும்."

வகுத்தேன். மீதியின்றி வந்தது. டிஸ்க் திறந்தது.

இப்போது நான் தேதியை மட்டும் பார்த்து எதையும் அழிப்பதில்லை. முதலில் பதிவை ஒரு மாதம் முடக்கி வைக்கிறேன். யாராவது கூக்குரலிட்டால் திரும்ப இயக்கிவிடலாம். பிறகு அந்த அறைக்கே நடந்து போய் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்கிறேன். சாவி புதுப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதில் கை வைக்கிறேன்.

இந்த ஆண்டும் ஆடிட்டர் வந்தார். 291 என்றேன்.

"இன்னும் நாலு அதிகமாயிருக்கிறதே?"

"இருக்கட்டும், ஸார். அந்த நாலையும் நான் இன்னும் நேரில் போய்ப் பார்க்கவில்லை."