ஊசியில் ஒரு கண்ணி

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் சோபா அப்பா 1994இல் வாங்கியது. மூன்று பேர் உட்காருகிறது ஒன்று, ஒற்றை ஆள் உட்காருகிறது இரண்டு. ரெக்ஸின் வெடித்துவிட்டது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற உறவுக்காரர்கள் பதினான்கு கிலோமீட்டர் நடந்த களைப்பில் பொத்தென்று உட்காரும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஃபோம் மஞ்சள் தூளாகத் தரையில் உதிரும். பேகோபுரத் தெருவிலிருந்து சோபாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, தவணையில் வேறு வாங்கலாம் என்று நான் சொன்னேன். வங்கி குமாஸ்தாவுக்குத் தவணை என்பது ஒரு சிந்தனை முறை. அக்கா, "அஞ்சு மெத்தைக்கும் நானே உறை போட்டுடறேன். நூல் மட்டும் வாங்கிக்குடு" என்றாள்.

சின்னக்கடைத் தெருவில் நூல் வாங்கப் போனவனுக்குத் தடிமன் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர் காட்டியதில் மெலிசாக, பளபளப்பாக இருந்ததை வாங்கி வந்தேன். அக்கா அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது கைக்குட்டை ஓரத்துக்குப் போடறதுடா" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை அவளே வந்தாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். 'இவை கவிதைகளல்ல, குரோஷா வேலைகள்' என்று அதை முடித்திருந்தேன். வாக்கியம் அமைந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. நண்பர்கள் இரண்டு பேர் பாராட்டினார்கள். அந்த இதழின் பிரதிகளுக்குத் தாள் சுற்றி, முகவரி ஒட்டி, ஸ்டாம்பு ஒட்டியவள் அக்காதான். (நம் சிறுபத்திரிகைகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஆசிரியர்களின் பிடிவாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பசை காய்ச்சியது யார் என்று எழுதுவதில்லை.) ஒட்டிக்கொண்டே படித்திருக்கிறாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. முதல் உறையைத் தொடங்கிய சாயங்காலம், என் முகத்தைப் பார்க்காமலே, "குரோஷாவைப் பத்தி உனக்கு என்னா தெரியும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்தது, அது அலங்காரம் என்பது மட்டும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான். நெசவில் பாவும் ஊடையும் இரண்டு தரப்பு. கம்பளிப் பின்னலில் இரண்டு ஊசிகள். வரிசை முழுவதும், நூறானாலும் இருநூறானாலும், எல்லாக் கண்ணிகளும் ஊசிமேல் திறந்தபடி காத்திருக்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கிறது. மற்றதெல்லாம் முடிந்துபோனவை; ஆனால் அந்த ஒன்றை விட்டுவிட்டு நூலை இழுத்தால், முடிந்தவை அத்தனையும் வரிசையாக அவிழ்ந்து வெறும் நூலாகிவிடும். அக்கா அதை 'லூப்' என்பாள். நான் 'கண்ணி' என்று சொல்லிப் பார்த்தேன். தாயுமானவர் பாடிய பராபரக் கண்ணியும் இதே சொல்தானே என்றேன். "அது பாட்டு. இதுல ஒண்ணு தப்பினா மூலை வராது" என்றாள்.

மூலை வராது என்பதன் பொருள் எனக்குப் பிற்பாடுதான் பிடிபட்டது. சதுரத்தை நடுவில் ஒரு சின்ன வளையமாகத் தொடங்கி, சுற்றுச் சுற்றாக வெளியே கொண்டுபோகிறாள். நான்கு மூலைகளில் மட்டும் கண்ணிகளைக் கூட்டுகிறாள். வட்டமானால் கணக்கு வேறு: குட்டையான ஒற்றைப் பின்னலில் சுற்றுக்கு ஆறு கண்ணி கூட வேண்டும். குறைந்தால் கிண்ணம்போலக் குவியும். மிகுந்தால் ஓரம் அலை அலையாக நெளியும். தட்டையாகக் கிடப்பது ஒரு துல்லியம். இந்த நெளிவையே பிடித்துக்கொண்டு 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணித ஆசிரியை, கண்ணிகளை ஒரே விகிதத்தில் பெருக்கிக்கொண்டே போய், யூக்ளிட்டுக்கு அடங்காத அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடிக்கிற பொருளாகப் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோயின. உருவம், உள்ளடக்கம் என்று இருபது கட்டுரை படித்த எனக்கு, உருவம் என்பது சுற்றுக்கு எத்தனை கண்ணி என்ற கேள்வியாக இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நன்னூலின் பாயிரத்தில் ஒரு உவமை வருகிறது. சொல் பஞ்சு, பாட்டு இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி அவள் கதிர். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் புலவனின் பெருமையில் போய் நின்றார். உவமைக்குத் தன் கையைக் கொடுத்த பெண் அந்த இடத்திலேயே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது.

அவள் எங்கே போனாள் என்பதை எனக்குச் சொன்னது ஒரு ஜெர்மன் பெண்மணியின் புத்தகம். மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட, நரசாப்பூர் லேஸ் பின்னுகிற பெண்களைப் பற்றிய ஆய்வு. கோதாவரிக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த குரோஷா அது. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் கற்பித்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார். அது வேறு வகை லேஸ். திண்டின்மேல் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒப்பிலக்கணம் எழுதியவரைத் தெரிந்த நமக்கு அந்த வீட்டின் இன்னொரு வேலையைத் தெரியாது.

நரசாப்பூரில் மீஸ் கண்டது இதுதான்: ஆயிரக்கணக்கான பெண்கள் வெளிநாட்டுச் சந்தைக்குப் பின்னுகிறார்கள், தரகர்களும் ஏற்றுமதியாளர்களும் ஆண்கள், ஆனால் ஊரும் வீடும் அந்தப் பெண்களை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் என்றே சொல்கின்றன. அவர்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள், வயலுக்குப் போகாதது கௌரவம் என்பதால். ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்ற பெயர் இருந்தால் கூலி குறைவாகக் கொடுக்கலாம். 2024இல் நரசாப்பூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, நல்லது.

நான் அந்தப் புத்தகத்தைப் படித்துத் தரகர்கள்மேல் ஆத்திரப்பட்டேன். ஆத்திரம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், கவுன்டரில் யாரோ ஒரு அம்மாளின் படிவத்தை வாங்கியபோது வேறொன்று ஞாபகம் வந்தது.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பதினோரு வருஷமாகிறது. செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற கடை ஒன்றுக்குக் குழந்தைத் தொப்பியும் கைப்பையும் பின்னிக் கொடுக்கிறாள். அந்தப் பணத்தைப் போட அவளுக்குக் கணக்குத் திறந்தவன் நான்தான். தொழில் என்ற கட்டத்தில் கம்ப்யூட்டர் ஒரு பட்டியலைக் காட்டும். அவளைக் கேட்காமல் 'ஹவுஸ் வைஃப்' என்பதைத் தட்டிவிட்டேன். எல்லாருக்கும் அதைத்தான் தட்டுவோம். வரிசை நீளமாக இருக்கும். அச்சடித்து வந்த தாளில் கையெழுத்துப் போடுமுன் அக்கா அதைப் படித்தாள்.

"யாருக்குடா வைஃப்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கையெழுத்தும் போட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உறைகள் நான்கு முடிந்துவிட்டன. பின்னல் முழுக்க ஓட்டைகள். அதன் வழியே வெடித்த ரெக்ஸின் தெரியாதா என்று எனக்குச் சந்தேகம். குறை சொல்லக் காத்திருந்தேன் என்பதே சரி. அக்கா அம்மாவின் பழைய அரக்குச் சுங்குடியை வெட்டி, உள்ளே அடித்துணியாகத் தைத்தாள். வெள்ளைச் சதுரங்களின் ஓட்டைக்கு ஓட்டை அம்மாவின் புடவை தெரிகிறது. அதைத் தெரியவைக்கத்தான் அத்தனை ஓட்டைகளும் என்று தோன்றும்படி இருக்கிறது. போன பௌர்ணமிக்கு வந்த சித்தி, "கடையில வாங்கினதா?" என்று கேட்டாள். பாராட்டுத்தான் அது. உண்மையில் குரோஷாவை அப்படியே பின்னுகிற எந்திரம் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. எந்திரம் செய்வது அதன் சாயல். கடையில் மலிவாகக் கிடைக்கிற அசல் குரோஷா எதுவானாலும் அதை ஏதோ ஒரு கை பின்னியிருக்கிறது.

போன வாரம் அவள் கணக்குக்கு விவரங்களைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. வீட்டுக்கே எடுத்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். தொழில் என்ன போடட்டும் என்று கேட்டேன்.

"லேஸ் பின்னுறதுன்னு போடேன்."

எழுதினேன். அடுத்த கட்டம், வருஷ வருமானம். அக்கா ஐந்தாவது உறையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியிலிருந்த கண்ணி நழுவாமல் கட்டைவிரலால் பிடித்தபடி, மறு கையால் எண்ண ஆரம்பித்தாள். மாசத்துக்கு எத்தனை தொப்பி, நூல் செலவு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு. பாதியில் நிறுத்தி, "சோபா உறையும் இதுல சேருமா?" என்றாள். எந்தக் கூலிக்குப் போடுவது என்று கேட்டேன். "அத நீதான சொல்லணும், பேங்க்காரன்" என்றாள்.

ஒரு உறைக்கு எத்தனை நாளானது என்று கேட்டு, தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.