ஒண்டுமில்லை அம்மா

நாங்கள் அண்ணன் தம்பி. இரண்டு பேருக்கும் ஹீமோபீலியா ஏ. இரத்தம் உறையத் தேவையான 8ஆம் காரணி எங்கட உடம்பில் போதாது.

வெட்டுக்காயத்தை விட, மூட்டுக்குள்ள கசியிற இரத்தம்தான் எங்களுக்குப் பயம். வெளியில ஒண்டும் தெரியாது. முதலில் எறும்பு ஊருற மாதிரி இருக்கும். பிறகு சூடு, வீக்கம், கால் அசைக்க ஏலாத நோ. எறும்பு ஊரேக்கையே காரணி ஊசி போட்டால் மூட்டைக் காப்பாற்றலாம்.

ஆனால் நாங்கள் சொல்லுறேல்லை. இது தாய்வழியாக வந்தது எண்டு கிளினிக்கில் கேட்ட நாளிலிருந்து, எங்களுக்கு நொந்தால் அம்மா தன்னைத்தான் குறைசொல்லுவா. அதனால் "ஒண்டுமில்லை அம்மா" எண்டு சொல்லிப்போட்டு, கதவைச் சாத்தி ஐஸ் வைச்சுக்கொண்டு படுத்திருப்பம்.

அப்பிடி ஒளிச்சதின் விலை, எங்களில் இளையவனின்ர இடது முழங்கால். அது இப்ப முழுசா நீளாது. பஸ்ஸில் சீட் கேட்டால், இந்த வயதில் என்ன வருத்தம் எண்ட மாதிரிப் பார்க்கினம்.

இப்ப எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம்: எறும்பு ஊர்ந்தால் உடனே சொல்லவேணும், அம்மாவுக்கும். போன கிழமை சொன்னம். அம்மா அழேல்லை. ஐஸை எடுத்துத் தந்திட்டு, "ஓட்டோ கூப்பிடட்டே?" எண்டு மட்டும் கேட்டா.