முன்வாயிலும் பின்வாயிலும்

சென்னையில் என் நண்பர் ஒருவர் சென்ற திங்கள் புதுமனை புகுந்தார். பதினான்கு மாடிகள் கொண்ட அடுக்ககத்தில், ஒன்பதாம் மாடியில் அவர் இல்லம். செட்டிநாட்டு மரபில் எழுப்பிய எழில் மாளிகை என்று விளம்பரம் செய்து விற்ற கட்டடம் அது. விலை கோடிக் கணக்கில்! வாழ்நாள் உழைப்பின் சேமிப்போடு, மகன் பெயரில் வாங்கிய வங்கிக் கடனும் சேர்ந்து முடிந்த காரியம். அழைப்பிதழின் ஓரத்தில், "தாயாரையும் தவறாமல் அழைத்து வருக" என்று தம் கையால் எழுதியிருந்தார். என் தாய்க்கு வயது 82. அழைத்துச் சென்றேன்.

செட்டிநாட்டு வீடு என் தாய்க்குப் புதியதன்று. காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில், பெரிய வீட்டில் பாத்திரம் துலக்கி, தூண் துடைத்து, என்னைப் படிக்க வைத்தவர் அவர். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் வீடு அது. முகப்பில் திண்ணை, அதைக் கடந்தால் வளவு, பின்னர் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை! இவ்வளவையும் என் தாய் அறிவார். அறியாதது ஒன்றே ஒன்று - முன்வாயில். பத்தாண்டுக்கு மேல் வேலை செய்தும் ஒரு நாள்கூட அவர் அதன் வழியே நுழைந்ததில்லை. கொல்லைக் கதவுதான் அவருக்கு வழி. பள்ளி விட்டு வந்து, அந்தக் கதவருகே காத்துக் கிடந்த சிறுவன் நான்.

கடல் கடந்து ஈட்டிய செல்வத்தில் எழுந்தவை அந்த மாளிகைகள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது அச்செல்வத்தின் வேர் அறுபட்டது. பேணுவாரின்றிச் சிதைந்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. அப்படி வந்த தூண்களில் நான்கு, நண்பரின் அடுக்ககத்து முகப்பில் நிற்கின்றன. அவற்றின் இருபுறமும் திண்ணை. கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்ட்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து, கண்ணாடியாலேயே பளபளப்பு ஏற்றும் அந்தக் கல்லை இன்றும் தொழிலாளரின் கைதான் செய்கிறது. அழகில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நானும் ஒரு கணம் நின்று வியந்தேன்.

வியந்து நின்றவனை ஒரு குரல் தட்டி எழுப்பிற்று. "பாட்டி, நீங்க அந்தப் பக்கம், சர்வீஸ் லிப்ட் பின்னால இருக்கு" என்றார் காவலர்.

வேலைக்கு வருவோர்க்கும் பொருள் கொண்டுவருவோர்க்கும் தனி லிப்ட்; அதற்குப் பின்புறம் தனி வாயில். நூல் புடவையையும் காய்த்துப்போன கைகளையும் கண்டார் காவலர், முடிவு கட்டிவிட்டார். நான் வாய் திறப்பதற்குள், இன்னொரு விருந்தினர் வந்து சேர்ந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள், பின்னால் கன்று. ஆம், பசுமாடு! புதுமனைக்கு மங்கலம் சேர்க்க அதை அழைத்து வந்திருந்தனர். அதே காவலர் இரட்டைக் கதவையும் அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஆத்தங்குடிக் கல்லின்மேல் குளம்பு ஒலிக்க, முன்வாயில் வழியே முழு மரியாதையுடன் நுழைந்தது பசு.

மாட்டுக்கு முன்வாயில்! மனிதப் பிறவிக்குப் பின்வாயில்!

காவலர் மீது எனக்குச் சினமில்லை. பிழைப்புக்காக நகரம் வந்தவர். மேலிடம் சொன்னதைச் செய்பவர். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். அவர் நிற்பது எங்கே? திண்ணைக்குப் பக்கத்தில்! அந்தத் திண்ணையின் மேலே ஒரு பலகை தொங்குகிறது: "இங்கு அமரக் கூடாது."

திண்ணை எதற்கு? வழிநடப்பவன் இளைப்பாற என்று பெருமை பேசுகிறோம். உண்மையைச் சொல்வதானால், பழைய திண்ணையும் எல்லார்க்கும் இடம் தந்ததில்லை. இன்னார் அமரலாம், இன்னார் நிற்கவேண்டும், இன்னார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது என்று சாதி வகுத்து வைத்திருந்தது. 1924-இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவில் கால் வைக்கும் உரிமைக்காக! ஆயினும் வெயிலில் வந்த சிலருக்காவது நிழல் தந்தது பழைய திண்ணை. புதிய திண்ணையோ ஒருவருக்கும் இடம் தராமல், படம் பிடிக்க மட்டும் பயன்படுகிறது. மரபிலிருந்த ஈரத்தை உதறிவிட்டார்கள். மரபிலிருந்த இழிவை, கொல்லைக் கதவை, மின்சாரம் பூட்டி மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்!

சாதி பார்த்தா ஒதுக்குகிறோம், தூய்மைக்காகத்தானே என்பர். சமையலறையைத் தூய்மை செய்யும் கை, லிப்டின் பொத்தானைத் தொட்டால் மட்டும் தீட்டாகிவிடுமா? தீண்டாமையை ஒழித்ததாக அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முழங்குகிறது. அதன் கண்ணில் படாமலிருக்க, தீண்டாமை இன்று 'ஒழுங்குமுறை' என்று பெயர் மாற்றிக்கொண்டு உலவுகிறது.

செய்தி அறிந்து நண்பர் ஓடி வந்தார். முகம் கறுத்துப் போயிற்று. "அம்மா, மன்னிக்கணும்" என்று என் தாயின் கையைப் பற்றி முன் லிப்டில் அழைத்துச் சென்றார். "விடுப்பா, அந்த வீட்டுத் தூணைத் துடைச்சே என் கை தேஞ்சுது. முன்பக்கமா நின்னு அதைப் பாக்க இன்னைக்குத்தான் வாய்ச்சுது" என்றார் அவர். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் விருந்து இறங்கவில்லை.

திரும்பும்போது, கால் வலிக்கிறதென்று என் தாய் அந்தத் திண்ணையில் அமர்ந்துவிட்டார். காவலரைப் பார்த்து, "நீயும் செத்த உக்காருப்பா" என்றார். அவர் பலகையைப் பார்த்தார், என் தாயைப் பார்த்தார், அமரவில்லை.

தோழர்களே! கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிவோர்க்கு இருக்கை தரவேண்டுமென்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. நாள் முழுதும் நின்று கால் வீங்கியவரின் துயரைச் சட்டம் கண்டுகொண்டது. அந்த நீதி நம் வீட்டு வாயிலுக்கு வர, இன்னொரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? உங்களில் பலர் இத்தகைய அடுக்ககங்களில் குடியிருக்கிறீர்கள்; நாளை குடியேறுவீர்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று மூன்றைக் கேளுங்கள். மூட்டை முடிச்சுக்கு ஒரு லிப்ட் இருக்கட்டும். மனிதர் எவரும் எதிலும் ஏறட்டும். காவலருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். திண்ணைக்கு மேலுள்ள பலகையைக் கழற்றுங்கள். அடுத்த கூட்டத்தில் கேட்பதாக நண்பர் வாக்களித்திருக்கிறார்.

தூணை நிறுத்துவோர் நிறுத்தட்டும்; கல்லைப் பாவுவோர் பாவட்டும். அந்தக் கல்லைச் செய்தவரும், அந்தத் தூணைத் துடைத்தவரும் முன்வாயில் வழியே நுழையும் நாளில்தான் அந்த வீட்டுக்குப் புதுமனை என்ற பெயர் பொருந்தும்.