48 கிலோ ஆளுக்கு எந்தப் பட்டம்?



போன கிழமை நான் போட்ட கடற்கரைப் படத்துக்கு வந்த கேள்விகளுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுத முடியவில்லை. "சேர், 71 வயசில இது தேவையோ?" என்று கேட்டவர்கள் பாதிப்பேர். "இது என்ன பட்டம், வாலும் இல்லை, ஈர்க்கும் இல்லை? என்ர மகளுக்கு 12 வயசு, அவளுக்கு என்ன சைஸ் வாங்கலாம்?" என்று கேட்டவர்கள் மற்றப் பாதி. இரண்டாவது கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பதில் அதற்குள் வந்துவிடும். கொஞ்சம் நீளம்தான். தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். போன ஒக்டோபரில் என் இடது கையில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து விசாரித்தவர்களுக்கு, மாடிப்படியில் சறுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். படியும் இல்லை, சறுக்கலும் இல்லை. ஒரு பட்டம் என்னை இழுத்துக்கொண்டு போனது. வெட்கத்தில் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் "நூல் சேர்". எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தீர்கள். அந்தக் காலத்தில் 50 கிலோ இருந்தேன், இப்போது 48. உடம்புவாகில் என் பேத்தியும் என்னைப் போலத்தான். 13 வயது, 36 கிலோ. லண்டனுக்கு வந்து மகளோடு இருக்கத் தொடங்கிய நாளில் இருந்து அவளுக்கு நான் ஊர்ப் பட்டக் கதைகள் சொல்லி வந்திருக்கிறேன். வாடைக் காற்று, கொக்குப் பட்டம், இரவிலே விண் கூவுகிற சத்தம், வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கிற போட்டி எல்லாம். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது.

மருமகனோடு வேலை செய்கிற ஒருவர், கராஜில் சும்மா கிடந்த பவர் கைட் ஒன்றைக் கொடுத்துவிட்டார். நான்கு நூல், இரண்டு கைபிடி, பையில் 5.0 என்று எழுதியிருந்தது. கொடுத்தவர் 90 கிலோ இருப்பார். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்குக் கிட்ட உள்ள புல்வெளிக்குப் போனோம். சின்னக் கிளைகள் ஆடின, கடதாசித் துண்டுகள் பறந்தன. "அம்மப்பா, நான்தான் முதல்!" என்றாள் பேத்தி. "பொறு பிள்ளை, நான் ஒருக்காப் பிடிச்சுக் காட்டுறன்" என்றேன். அவளைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். நான் வடமராட்சியில் பட்டம் விட்டவன் என்ற பெருமைதான்.

பட்டம் எழும்பியது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு எனக்கு நேர் முன்னே, வானத்தின் நடுவாலே சீறிக்கொண்டு பாய்ந்தது. ஊரில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரே சட்டம், என்ன வந்தாலும் நூலை விடக்கூடாது என்பது. நானும் விடவில்லை. ஒரு நொடி கால் தரையில் இல்லை. அடுத்த நொடி முகம் தரையில். பத்துப் பதினைந்து அடி இழுபட்ட பிறகுதான் கை தானாக விட்டது. மணிக்கட்டு எலும்பில் சின்ன வெடிப்பு, ஆறு கிழமைக் கட்டு.

வலி பெரிதாக இல்லை. அன்றைக்கு மகள் கேட்ட ஒரு கேள்விதான் வலித்தது. "அப்பா, நீங்கள் 34 வருசம் பௌதிகம் படிப்பிச்சனீங்கள்தானே?" அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். பேத்தி முதலில் பிடித்திருந்தால்?

அந்த இரவு நித்திரை வரவில்லை. வலது கை சரியாக இருந்தபடியால் கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டேன். வகுப்பில் போட்டது போலவே இங்கேயும் போடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பட்டம் ஒரு இடத்தில் நின்று ஆடும். இது அப்படியல்ல. இதற்கு மூங்கில் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு சீலை, நடுவிலே அறைகள், முன்பக்கம் திறந்த வாய். காற்றுப் புகுந்து நிரப்ப, விமான இறக்கை போல உருவம் எடுக்கும். 1960களில் டொமினா ஜால்பர்ட் என்பவர் கொண்டுவந்த வடிவம் இது. இறக்கை என்றபடியால் காற்றுக்குக் குறுக்கே ஓடும். ஓட ஓட, தனக்குத் தானே காற்றைக் கூட்டிக்கொள்ளும்.

விசை பரப்பளவோடு கூடும், காற்று வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் காற்று அடித்தால், ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 15 நியூற்றன், அதாவது ஒன்றரைக் கிலோ இழுவை. 10 மீற்றர் என்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: ஆறு கிலோ. (கணக்கைச் சுலபமாக்க, வடிவத்துக்கான குணகத்தை 1 என்று எடுத்திருக்கிறேன்.) அன்றைக்குக் காற்று 7 மீற்றர் இருந்திருக்கும். பட்டம் அதைவிட வேகமாகக் குறுக்கே பாயும்போது சீலை உணருகிற காற்று குறைந்தது 14 மீற்றர். சதுர மீற்றருக்கு 12 கிலோ. ஐந்து சதுர மீற்றருக்கு 60 கிலோ.

என் நிறை 48.

இன்னொன்றும் இருக்கிறது. தரையில் எங்களைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. ஈரப் புல்லில் அது எங்கள் நிறையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டக்காரருக்கு 45 கிலோ, எனக்கு 24, பேத்திக்கு 18. பட்டம் மேல்நோக்கியும் இழுப்பதால் அந்த உராய்வும் இன்னும் குறையும். ஒரே பட்டம், ஒரே காற்று. ஆனால் 90 கிலோ ஆள் குதிக்காலை ஊன்றிச் சிரித்துக்கொண்டு சறுக்குவார், நான் விழுந்தேன், பேத்தி என்ன ஆகியிருப்பாள் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

பிறகு இந்தப் பட்டங்களைப் பற்றி வாசித்தபோது பிரிஸ்டல் நகரத்து வாத்தியார் ஒருவரின் கதை கிடைத்தது. பெயர் ஜோர்ஜ் போகொக். பட்டங்கள் இழுத்துப் போகும் வண்டி ஒன்றைச் செய்து 1826இல் காப்புரிமை எடுத்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, தன் மகள் மார்த்தாவைக் கதிரையில் இருத்திப் பட்டத்தால் வானத்துக்குத் தூக்கிக் காட்டியிருக்கிறார். பிள்ளைக்கு அப்போது 12 வயது மட்டில். பத்திரமாக இறங்கியது. அந்த மார்த்தாதான் பின்னாளில் கிரிக்கெட் வீரர் டபிள்யூ.ஜி. கிரேஸின் தாய். ஆறு மாதம் முன்பு வாசித்திருந்தால் எழும்பி நின்று கைதட்டியிருப்பேன். அன்று வாசித்தபோது மனுசனைக் கூப்பிட்டு ஏசவேண்டும் போல இருந்தது.

மகளிடம் போய், "பிள்ளைக்குச் சின்னப் பட்டம் ஒன்று, நானே கணக்குப் பார்த்து வாங்குறன்" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "நானும் வருவன். நான் நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டவேணும்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

இனி, கேட்டவர்களுக்கான பதில்.

சைஸ்: பட்டத்தின் பெயரோடு வரும் இலக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு நூல் பட்டங்கள் பலவற்றில் அந்த இலக்கம் இறக்கையின் நீளம், மீற்றரில். நான்கு நூல் பட்டங்களில் பெரும்பாலும் அது பரப்பளவு, சதுர மீற்றரில். 1.8 நீளமும் 1.8 பரப்பும் ஒன்றல்ல. விபரத்தில் சதுர மீற்றர் என்ன என்று தேடிப் பாருங்கள். 50 கிலோவுக்குக் குறைந்த ஆள் முதல் பட்டமாக 1.5 அளவில் தொடங்கலாம், 2க்கு மேலே போக வேண்டாம். நாங்கள் 1.5 எடுத்தோம். 5 மீற்றர் காற்றில், பாயும்போது 9 கிலோ இழுக்கும். பேத்தியின் 18 கிலோ உராய்வில் அது பாதி.

கடையில் மருமகன் மெல்லக் கேட்டார், "மாமா, வளருற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடுப்பமோ?" எங்கள் சனத்துக்கே உரிய கேள்வி. பள்ளிக்கூடச் சட்டையும் சப்பாத்தும் அப்படி வாங்கித்தானே வளர்ந்தோம், வளர்த்தோம். சட்டை பெரிதானால் மடித்துத் தைக்கலாம். பட்டத்தை மடித்துத் தைக்க முடியாது. கடைப் பெடியனும் அதையே சொன்னான். அவன் எங்களிடம் முதலில் கேட்டது விலைக் கணக்கல்ல: பிடிக்கப்போகிறவரின் நிறை என்ன, எங்கே விடப்போகிறீர்கள், அங்கே காற்று எப்படி. இந்த மூன்றும் கேட்காமல் பட்டம் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

நூல்: இரண்டு நூல் பட்டம் மலிவு, பழகச் சுலபம். ஆனால் பட்டிகள் மணிக்கட்டில் மாட்டியிருந்தால், கையை விட்டாலும் பட்டம் உங்களை விடாது. நான்கு நூலில் பிரேக் நூல்கள் உண்டு. அவற்றோடு மணிக்கட்டுப் பட்டியைச் சேர்த்துவிட்டால், கைபிடியை விட்டதும் பட்டம் வலுவிழந்து விழும். எனக்குக் கிடைத்த பழைய பட்டத்தில் அந்தப் பட்டிகளை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். இரவல் பட்டம் என்றால் முதலில் அதைப் பாருங்கள். நாங்கள் எடுத்தது மூன்று நூல், ஒரு தடி. தடியை விட்டால், மணிக்கட்டில் மாட்டிய மூன்றாவது நூல் மட்டும் இழுபட்டுப் பட்டம் சுருண்டு விழும். முச்சை கட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் சூட்சுமம் பார்த்த உடனே விளங்கும்.

காற்று: மணிக்கு 13 முதல் 19 கிலோமீற்றர் போதும். கையில் பிடிக்கும் சின்னக் காற்றுமானி ஒன்று வாங்குங்கள். மரமும் வீடும் சூழ்ந்த திடலில் காற்று குத்திக் குத்தி வரும். கடலில் இருந்து தரைக்கு வரும் காற்று சீராக இருக்கும். காற்றுப் போகும் பக்கம் ஆட்கள், தெரு, மின்கம்பி எதுவும் இருக்கக்கூடாது. இறுகிய நூல் கத்தி போல வெட்டும், விரலில் சுற்றவே வேண்டாம். தலைக்கவசம் போடுங்கள். என் படத்தில் சைக்கிள் கவசத்தோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதம், கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரை. கடல் வற்றிய நேரம் கண் எட்டிய தூரம் ஈர மணல். காற்றுமானி 16 காட்டியது. மகள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலே நின்றாள்.

பறக்கவிட முன்பு நான் வைத்த பாடம் ஒன்றுதான்: விடப் பழகுதல். பட்டம் எழும்பியதும் நான் "விடு" என்பேன், அவள் தடியை விட வேண்டும். பத்துத் தரம். பேத்தி பத்துத் தரமும் உடனே விட்டாள். பட்டம் பத்துத் தரமும் ஈரத் துணி போல விழுந்தது. பிறகுதான் ஓட்டினாள். ஓரத்தில் வைத்தால் இழுவை குறைவு, நடுவாலே போனால் கூடும் என்பதைக் கால் மணித்தியாலத்தில் கையாலேயே கண்டுபிடித்துவிட்டாள். எட்டுப் போட்டாள். ஒரு தரம் மணலில் இரண்டடி சறுக்கி, நின்று, சத்தம் போட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன், மகளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் எடுத்ததுதான் நீங்கள் பார்த்த படங்களில் முதலாவது.

அடுத்தது என் முறை. எனக்கும் அதே பாடம். பேத்தி "விடுங்கோ!" என்று கத்தினாள். என் கை விடவில்லை. இரண்டாம் தரமும் விடவில்லை. 1.5 பட்டம் என்றபடியால் ஒன்றும் நடக்கவில்லை, நாலடி முன்னால் போனேன், அவ்வளவுதான். ஆனால் மனசுக்குள் பயந்துவிட்டேன். ஆறு வயதில் அப்பா என் கையில் நூலைத் தந்து "விட்டிடாதை" என்று சொன்னது இன்னும் விரலுக்குள் இருக்கிறது போலும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஏற்றியபோது, கயிற்றை விடாமல் பிடித்திருந்த ஒருவரைப் பட்டம் மேலே கொண்டுபோன வீடியோவை நீங்கள் எல்லாரும் எனக்கு அனுப்பினீர்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டிருந்தார்கள். அவர் உயிர் தப்பியது புண்ணியம். அன்றைக்கு "உடன விட்டிருக்கலாமே" என்று நானும் எழுதினேன். கேம்பர் மணலில் நின்றபோதுதான் அது அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது.

"அம்மப்பா, மூன்று எண்ணிப்போட்டு விடுங்கோ" என்றாள் பேத்தி. எண்ணினேன். விட்டேன். பட்டம் விழுந்தது. பிறகு இன்னும் ஒன்பது தரம்.

ஆகவே பிள்ளைகள், உங்கள் மகளுக்கு என்ன சைஸ் என்று கேட்டால், அவளின் நிறையை எனக்கு எழுதுங்கள், வயதை அல்ல. பெரிய பட்டம் யாராவது இலவசமாகத் தந்தால் நன்றி சொல்லி வாங்கி அலுமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டு 5.0 இப்போது அங்கேதான் இருக்கிறது.

கணக்கில் பிழை கண்டால் கீழே எழுதித் திருத்துங்கள். புள்ளி குறைக்க மாட்டேன். ஊரில் பட்டம் விட்ட கதை யாரிடம் இருந்தாலும் அதையும் எழுதுங்கள், பேத்திக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அடுத்த தைப்பொங்கலுக்கு அவளை வல்வெட்டித்துறைக்குக் கூட்டிக்கொண்டு வர எண்ணியிருக்கிறோம். மகளும் வருகிறாளாம்.

அன்புடன்,
உங்கள் நூல் சேர்